கிழக்குத் தெருத் தம்பி பற்றி, கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள்

சொந்தபந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டு முந்தாநாள்தான் குவைத் திரும்பினேன். அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் நம்ம கிழக்குத் தெருத் தம்பியைப் பார்க்கப் போனேன். காஷ்மீர் எல்லையில் கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, ராணுவ டாக்டர்களின் மெடிக்கல் போர்டு முடிவுப்படி ராணுவத்தை விட்டு வெளியே வந்தவன். ஊருக்கு வந்த அன்று மாலை போட்டுப் படம் எடுத்தோம். அதற்கப்புறம் எப்படி இருக்கிறான் என்று நம்மில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து செயற்கைக் காலைக் கழற்றினான். உள்ளே மாட்டுகிற ரப்பர் உறையைக் கவிழ்த்ததும் வியர்வை தண்ணீராக ஒழுகியது. நம்ம ஊர் வெயிலில் துடைத்துக் காயவைக்காமல் மாட்டினால் தோல் வெந்து புண்ணாகிவிடும், புண் ஆறும்வரை காலை மாட்ட முடியாது, மறுபடியும் ஊன்றுகோல்தான். வெட்டின கால் போகப்போகச் சூம்பும், ஒரே நாளிலேயே காலையில் இறுக்கமாக இருப்பது சாயங்காலம் தொளதொளவென்று ஆகிவிடுகிறது, அதனால் காலையில் ஒரு காலுறை, மத்தியானம் இரண்டு, பொழுது சாயும்போது மூன்று என்று ஏற்றிக்கொண்டே போகிறான். துவைத்துக் கொடியில் போட்டிருந்த உறைகளை எண்ணினேன், பதினொன்று.

கால் கொடுத்தது புனேயில் இருக்கிற ராணுவத்தின் செயற்கை அவயவ மையம், 1944லிருந்து இந்த வேலையைச் செய்கிற இடம். பென்ஷன் வருகிறது. 2003ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் அட்டை இருக்கிறது, மதுரையிலேயே அதன் பாலிகிளினிக் இருப்பதால் மருந்துக்குக் கஷ்டமில்லை. ஆக, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் இருந்தது பாதி சரிதான். மீதியை அவன் பெண்டாட்டியும் மேலத் தெரு சுபேதார் மாமாவும் சுமக்கிறார்கள்.

இல்லாத பெருவிரல் ராத்திரியில் எரியுமாம். டாக்டர் சொன்னபடி, சீராக வந்த பீரோவின் கண்ணாடியைக் கழற்றி இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தி, நல்ல காலை அசைக்கச் சொல்கிறாள் அவன் பெண்டாட்டி. கண்ணாடியில் இரண்டு காலும் அசைகிற மாதிரித் தெரிய, எரிச்சல் அடங்குகிறது. எல்லாருக்கும் இது கேட்காதாம், இவனுக்குக் கேட்கிறது. திருமங்கலத்தில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், எட்டு மாதமாகப் போகவில்லை.

சுபேதார் மாமா 1987ல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனவர். திரும்பி வந்தபோது தன்னை யாரும் எப்படி இருக்கே என்று கேட்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. விடிகாலை ஐந்து மணிக்குத் தம்பி வீட்டு வாசலில் நிற்கிறார். இரண்டு பேரும் கண்மாய்க் கரையில் நடக்கிறார்கள். கரை இறக்கத்தில்தான் ஆபத்து, அந்தக் கணுக்கால் நம்ம கணுக்கால் மாதிரி மடங்காது. அந்த இடம் வந்ததும் மாமா முன்னால் இறங்கித் தோளைக் கொடுக்கிறார், பேச்சே கிடையாது. முதல் மாதம் மடைவரை போனவர்கள், இப்போது அய்யனார் கோயில்வரை போகிறார்கள்.

புரட்டாசிப் பொங்கலில் மேடை போட்டு அவனுக்குப் பாராட்டு விழா என்று ஒரு யோசனை ஓடுகிறது. தயவுசெய்து வேண்டாம். அவனிடமே கேட்டேன். "மேடை வேணாம்ணே, கக்கூஸ்ல பிடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி இருந்தாப் போதும்" என்றான். வீட்டில் இருப்பது குத்தவைக்கிற கக்கூஸ், இருட்டில் இரண்டு தடவை விழுந்திருக்கிறான். உட்கார்கிற மாதிரி மாற்றி, கம்பி வைத்து, வழுக்காத தரை போட கொத்தனார் 45,000 ரூபாய் சொல்கிறார். பாதியை நான் கொடுத்துவிட்டு வந்தேன். அப்புறம், கால் சூம்பிவிட்டதால் ஆவணியில் புனே போய்ப் புதிதாக அளவெடுக்க வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும், அங்கே இருக்கிற நம்ம பிள்ளைகள் யாராவது ஸ்டேஷனுக்கு வர முடியுமா? வீட்டிலேயே தைக்க அந்தப் பிள்ளைக்கு ஒரு பவர் மிஷின் வாங்கிக் கொடுக்கலாம் என்பதும் என் எண்ணம், அவள் கேட்கவில்லை.

மீதிப் பணத்துக்குப் பொருளாளர் அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். அவனுக்குப் போன் பண்ணுகிறவர்கள் ஏழு மணிக்கு மேல் பண்ணுங்கள், அதற்கு முன்னால் கண்மாய்க் கரையில் இருப்பான்.