பால்கனி உர வாளியில் நாற்றம், புழு: எங்கே தப்பு?

கொளத்தூர்வாசி:
வணக்கம். சென்னையில் மூணாவது மாடி, ஒரு பெட்ரூம் வீடு. பால்கனி மூணடிக்கு ஆறடி. ரெண்டு பேர், தினம் அரை கிலோ சமையலறைக் கழிவு. 20 லிட்டர் பெயிண்ட் வாளிக்கு அடியில் மட்டும் நாலு ஓட்டை. காய்த்தோல், டீத்தூள் சக்கை, மிஞ்சின சாதம், சாமிப் பூ எல்லாம் அதில்தான் போகுது. மேலே ஒரு கைப்பிடி கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்). மூணு வாரத்தில் அழுகின முட்டை வாடை, தட்டையாப் பழுப்புப் புழு, அடியில் கறுப்புத் தண்ணி. கடையில் விற்கிற நுண்ணுயிர்ப் பொடி போட்டால் சரியாகுமா? குடிதண்ணி சுத்திகரிக்கிற ஆர்.ஓ. மெஷினோட கழிவுத் தண்ணியைச் செடிக்கு விடலாமா? கீழ்வீட்டுக்காரங்க மேலே ஏறி வர்றதுக்குள்ள சொல்லுங்க.

தொட்டிமண்:
பொடிக்குக் காசு போடாதீங்க. அழுகின முட்டை வாடை வந்தாலே உள்ளே காற்று போகலைன்னு அர்த்தம். காற்றுக்கு வழி பண்ணாமல் பொடி மட்டும் போட்டுப் பிரயோஜனமில்லை.

இன்னிக்கே ஒரு பழைய அரிசிச் சாக்கை விரிச்சு வாளியைக் கவிழ்த்துடுங்க. சாதம் கட்டி கட்டியா இருக்கும். பசை மாதிரி ஒட்டிக் காற்றை அடைச்சதே அதுதான். எல்லாத்தையும் உதிர்த்து, கொட்டினதில் பாதி அளவுக்கு நொறுக்கின சருகு கலந்து, ஒரு மணி நேரம் நிழலில் ஆற விடுங்க. அப்புறம் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிஞ்சு பாருங்க. பிடி கொழுக்கட்டை மாதிரி நிற்கணும், விரலிடுக்கில் ஒரு சொட்டு ரெண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. ஒழுகினா இன்னும் சருகு.

அது ஆறுறதுக்குள்ள வாளியைக் கவனிங்க. சுத்திலும் நாலு விரல் இடைவெளியில் 8 மி.மீ. ஓட்டை, நாலு வரிசை. டிரில் இல்லைன்னா கம்பியைக் காய்ச்சிக் குத்தலாம் (பிளாஸ்டிக் புகை, ஜன்னல் திறந்திருக்கட்டும்). உள்பக்கம் கொசுவலைத் துண்டு. அடியில் ரெண்டு அங்குலத்துக்குத் தேங்காய் மட்டை நாரைப் பிய்ச்சுப் பரப்பி, வாளியை ரெண்டு செங்கல் மேல் ஏத்தி, கீழே ஒரு தட்டு.

இனி தினமும் கழிவை வடிதட்டில் போட்டு ராத்திரி முழுக்க வடிய விடுங்க. ஒரு கிண்ணம் கழிவுக்கு அதே கிண்ணத்தால் ஒரு கிண்ணம் சருகு அல்லது கோகோபீட். கைப்பிடி கணக்கெல்லாம் உதவாது. நுண்ணுயிருக்கு நைட்ரஜன் ஒரு பங்குன்னா கார்பன் 25, 30 பங்கு வேணும். காய்த்தோலில் கார்பன் அவ்வளவு கிடையாது, சருகில்தான் இருக்கு. மூணு நாளைக்கு ஒருதரம் அடிவரைக்கும் கிளறணும்.

கறுப்புத் தண்ணி கழிவறைக்கே. காற்றில்லாமல் அழுகின வாளியில் வடிஞ்சது செடிக்கு ஆகாது.

வண்டுப்பிரியை:
புழு தட்டையா, வளையம் வளையமா, பழுப்பா இருக்குன்னா அது பிளாக் சோல்ஜர் ஈயோட புழு. கடிக்காது, கழிவைத் தின்னு தீர்க்கும். அந்த ஈயும் வீட்டு ஈ மாதிரி சோற்றுத் தட்டில் வந்து உட்காராது. ஒரே தொந்தரவு, வளர்ந்த புழு கூட்டுப்புழுவாக உலர்ந்த இடம் தேடி ராத்திரியில் வாளியை விட்டு ஏறி வரும். கீழ்வீட்டுப் புகார் வர்றதுன்னா அதனாலதான் வரும்! வாளி உலர்ந்து, ஒவ்வொரு தடவையும் மேலே ஒரு அங்குலம் காய்ஞ்ச கோகோபீட் மூடியிருந்தா முட்டையிட வர்றது குறையும். மெலிசா வெள்ளைப் புழு வந்தா அது வீட்டு ஈ. மருந்து அதே மூடல்தான்.

சாதம் ஆகவே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். ஒரு கைப்பிடி உதிர்த்துப் போடலாம். சாம்பார், எண்ணெய், உப்பு சேர்ந்தது வேண்டாம். சாமிப் பூவில் வாழைநார்ல கட்டினது அப்படியே போகலாம். நூலில் கட்டினதை உருவிட்டு, ஜிகினாவையும் எடுத்துட்டுப் போடுங்க. சிரட்டையும் மாங்கொட்டையும் வருஷக்கணக்கில் மட்காது.

கொளத்தூர்வாசி:
கோகோபீட் கட்டியை ஊற வச்சு உதிர்த்துதான் போடறேன். அது தப்பா?

தொட்டிமண்:
அதுதான் கறுப்புத் தண்ணிக்குக் காரணம். ஊற வைக்கிறது செடித்தொட்டிக்கு. இங்கே ஈரத்தைக் குடிக்கத்தான் அதைப் போடறோம். குடிச்சு முடிச்சதைப் போட்டு என்ன லாபம்? கட்டியைச் சுத்தியலால் தட்டி உலர்ந்த தூளாவே போடுங்க. கோகோபீட் மட்கவும் நாளாகும், அதனால் பாதிக்குப் பாதி சருகு சேருங்க.

மாடிவீடு:
ரெண்டு வாளி போதும்னு எல்லாரும் சொல்வாங்க, கணக்கு ஒத்துவராது. அரை கிலோ வீதம் ஒரு வாளி நிரம்ப ஏறக்குறைய ஒரு மாசம்; நிரம்பினது மட்க இன்னும் ரெண்டு மாசம். மூணு வாளி வேணும். வரிசையா வச்சா மூணு, மூணரை அடி. உங்க பால்கனியில் அடங்கிடும்.

உரம் ஆயிடுச்சான்னு பார்க்க, அதில் கொஞ்சம் எடுத்து பத்து வெந்தயம் விதைங்க. நாலு நாளில் குறைஞ்சது எட்டு முளைக்கணும். பாதி மட்கினதைத் தொட்டியில் போட்டா அது மண்ணோட நைட்ரஜனை இழுத்துக்கும், இலை மஞ்சளாகும்.

ஆர்.ஓ. கழிவில் உப்பு கூடுதல். தொட்டி விளிம்பில் வெள்ளையாப் பூத்து வேரைக் கெடுக்கும். தரை துடைக்க, கழிவறைக்கு ஊத்த வச்சுக்குங்க. செடிக்கு ஏசியிலிருந்து சொட்டுற தண்ணி இருந்தா அது நல்லது, உப்பே கிடையாது.

கொளத்தூர்வாசி:
மூணாவது மாடிக்கு அவ்வளவு சருகு எங்கே போறது? ஐப்பசி மழையில் வேற?

மாடிவீடு:
மாசி, பங்குனியில் வேம்பும் வாதாமும் உதிர்க்கும். தெருவில் கூட்டிக் குவிச்சதைக் கேட்டாத் தருவாங்க. பிளாஸ்டிக்கைப் பொறுக்கிட்டு, வெயிலில் காயவச்சு ரெண்டு சாக்கு மிதிச்சு நிரப்புங்க. பத்தலைன்னா செய்தித்தாளைக் கிழிச்சுப் போடலாம், வழவழப்புத் தாள் மட்டும் கூடாது. பிளைவுட் மரத்தூளும் வேண்டாம், அதில் பசை இருக்கும்.