குடும்பக் குழு: சாங்கியிலிருந்து நியூயார்க் வரை

அப்பா: முகவர் அனுப்பிய பயண விவரத்தில் நியூயார்க்கிற்கு 18 மணி 40 நிமிடம் என்று இருக்கிறது, இணையத்தில் தூரம் பார்க்கும் தளமோ 17 மணி நேரம் என்கிறது. அங்கே இருக்கும் பெரியவளை எந்த நேரத்திற்கு விமான நிலையத்திற்கு வரச் சொல்வது?

நான்: முகவர் தந்ததையே வைத்துக்கொள்ளுங்கள், அப்பா. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கும் இடையிலான சுமார் 15,350 கிலோமீட்டரை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்துத்தான் அந்தத் தளம் விடை சொல்கிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து போகும் நேரமும், வானில் சுற்றிப் போகும் தூரமும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

அம்மா: ஏன் சுற்றிப் போக வேண்டும்?

நான்: சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையிலும் நியூயார்க் மேற்கே 74 பாகையிலும் இருப்பதால், உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அது வட துருவத்தை ஒட்டிப் போகும், மிகக் குறுகிய வழி அதுதான். ஆனாலும் விமானம் பெரும்பாலும் வட பசிபிக் கடலின் மேலாகவே போகிறது, ஏனெனில் அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், தூரம் கூடினாலும் நேரம் மிச்சமாகிறது. திரும்பும்போது சில நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, அப்போதும் கிழக்கு நோக்கியே வருவார்கள். அப்படி அமைந்தால் நீங்கள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பீர்கள், அம்மா!

சித்தப்பா: அண்ணிக்கு முழங்கால் வலி இருக்கும்போது இவ்வளவு நேரம் ஒரே மூச்சாக உட்காருவது சரியா, அண்ணா? ஃபிராங்பேர்ட்டில் இறங்கிப் போகும் விமானமும் இருக்கிறதே.

நான்: அந்த வழியில் 10,300 கிலோமீட்டரும் பிறகு 6,200 கிலோமீட்டரும் பறக்க வேண்டும், சித்தப்பா; இடையில் காத்திருப்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகிவிடும். நேரடியாகப் போகும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானத்தில் மொத்தமே 161 இருக்கைகள்தான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. கட்டணம் கூடுதல்தான் என்றாலும், கால் நீட்ட இடம் இருப்பதாலும் நடுவில் ஏறி இறங்கும் அலைச்சல் இல்லாததாலும் அம்மாவுக்கு இதுவே நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அக்கா: எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அப்பா, இங்கே கோடைகால நேரம் நடப்பில் இருப்பதால் சிங்கப்பூரை விட நாங்கள் சரியாக 12 மணி நேரம் பின்னால் இருக்கிறோம். நீங்கள் அங்கே நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டால், இங்கே அதே தேதியில் மாலை 6.40க்கு இறங்குவீர்கள், ஆகவே மறுநாள் என்று குறித்துக்கொள்ள வேண்டாம். குடிநுழைவுச் சோதனை முடித்துப் பெட்டிகளை எடுத்து வர நேரமாகும் என்றாலும், நான் முன்கூட்டியே வந்து வெளியே நிற்பேன்.

அம்மா: அப்படியானால் நேரடி விமானமே இருக்கட்டும். நடைபாதையை ஒட்டிய இருக்கையாகக் கேளுங்கள், நான் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும்.

அப்பா: சரி. இன்று மாலைக்குள் முகவரிடம் பணத்தைக் கட்டிவிட்டு, இருக்கை எண்களை இங்கே பதிவிடுகிறேன்.