ஷோர்ட் ஷிப்டர் போட்டால் சிங்க்ரோ போகுமாம். எங்கே போனது, காட்டுங்கள்!

ஈஜி8_வெள்ளவத்தை:
நேற்று ஒருத்தர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "பழைய மெனுவல் காருக்கு ஷோர்ட் ஷிப்டர் போட்டால் ஆறு மாதத்தில் இரண்டாம் கியர் சிங்க்ரோ காலி." படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு: ஷோர்ட் ஷிப்டர் என்றால் கியர் மாற்றக் கை போகிற தூரத்தைக் குறைக்கிற லீவர்; சிங்க்ரோ என்றால் கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம். என்னுடையது 1993 சிவிக். போட்டு மூன்று வருடம். இரண்டாம் கியர் இன்றைக்கும் ஒரு கரகரப்பு இல்லாமல் விழுகிறது. வேலையை நானேதான் செய்தேன். காருக்குக் கீழே படுத்து லீவரையும் கியர் பொக்ஸையும் இணைக்கிற ரொட்டின் ஸ்பிரிங் பின்னைத் தட்டிக் கழற்றவே ஒரு மத்தியானம் போனது, துரு எல்லாம் கண்ணுக்குள் கொட்டியது. ரொட்டைக் கழற்றினால் அதன் இறப்பர் புஷ் காய்ந்த பாண் மாதிரி விரலில் உதிர்ந்தது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் புதுசு வாங்கிப் போட்டேன். சிங்க்ரோ எங்கே போனது?

மருதானை_கராஜ்:
எழுதியது நான்தான். "ஒருத்தர்" என்று மறைத்துக் கதைக்க வேண்டாம். 18 வருடமாக கியர் பொக்ஸ் இறக்குகிறேன். போன மாதமும் ஒரு ஈகே மொடல் சிவிக்கின் பொக்ஸை இறக்கினேன், ஷோர்ட் ஷிப்டர் போட்ட வண்டி. இரண்டாம் கியரின் பித்தளை வளையத்தில் பல் எல்லாம் மொட்டை. வளையம் கூம்பில் உரசி இரண்டு பக்கத்து வேகத்தையும் சமப்படுத்த வேண்டும், அதற்கு ஒரு கணம் வேண்டும். லீவரைக் குட்டையாக்கிப் பட்டென்று தள்ளினால் அந்தக் கணம் எங்கே கிடைக்கும்?

ஈஜி8_வெள்ளவத்தை:
அது கையின் குற்றம், ஷிப்டரின் குற்றமில்லை. எனக்கு மூன்று வருடம். இரண்டாம் கியர். சத்தமில்லை.

டீஎக்ஸ்_தெஹிவளை:
அண்ணன்மாரே, முதலில் எந்த வண்டியைப் பற்றிக் கதைக்கிறீர்கள்? என் டொயோட்டா டீஎக்ஸ் வேகனில் லீவர் நேரே கியர் பொக்ஸுக்கு மேலேயே இருக்கிறது. ரொட்டும் இல்லை, நீங்கள் சொல்கிற புஷ்ஷும் இல்லை. "ஷோர்ட் ஷிப்டர்" என்றால் கைப்பிடியை வெட்டிக் குட்டையாக்குவதா, கீழ்ப்பக்கத்தை நீட்டுவதா?

கணக்கு_கொட்டாஞ்சேனை:
நெம்புகோல் கணக்குத்தான். சுழல் இடத்துக்கு மேலே 20 செ.மீ., கீழே 4 செ.மீ. என்று வைப்போம். ரொட் 1 செ.மீ. நகரக் கை 5 செ.மீ. போகவேண்டும். கீழே 5 செ.மீ. ஆக்கினால் கை 4 செ.மீ. போனால் போதும். தூரம் 20 வீதம் குறைகிறது, கைக்கு வேண்டிய பலம் 25 வீதம் கூடுகிறது.

ஈஜி8_வெள்ளவத்தை:
20 குறைந்தால் 20தான் கூடும். 25 எங்கிருந்து வந்தது?

கணக்கு_கொட்டாஞ்சேனை:
கைக்கு வேண்டிய பலம் ரொட்டின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருந்தது நாலில் ஒரு பங்காகிறது. 0.20, 0.25. எட்டாம் வகுப்புக் கணக்கு.

ஈஜி8_வெள்ளவத்தை:
எட்டாம் வகுப்பு என்று என்னிடம் சொல்ல வேண்டாம், கணக்குக்கு நான் யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. சரி, 25 என்றே வையுங்கள். அப்போது அதே கைப்பலத்துக்கு வளையத்தில் விழும் அழுத்தம் குறைகிறதே! உங்கள் கணக்கே எனக்குச் சாட்சி. வளையம் ஏன் தேயும்?

மருதானை_கராஜ்:
கை சும்மா இருக்காது தம்பி. இறுக்கமாக இருந்தால் கூட அமுக்கும். 18 வருடமாகப் பார்க்கிறேன்.

பம்பலப்பிட்டி_மெனுவல்:
வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வர நாள் முழுக்க முதலாம், இரண்டாம் கியர்தான். காலி வீதியில் ஒரு செ.மீ. மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம்? கடுகண்ணாவ ஏற்றத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது வேண்டுமானால் கைக்கு இதமாக இருக்கும். அண்ணை, அந்த ஈகேக்கு என்ன ஒயில் போட்டிருந்தார்கள்?

மருதானை_கராஜ்:
கடையில் கொடுத்த 80டபிள்யூ-90 கியர் ஒயில். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஈஜி8_வெள்ளவத்தை:
இதோ வந்தது! எல்லோரும் பாருங்கள். அந்தக் காலத்து ஹொண்டா மெனுவல் பொக்ஸுக்குத் தனி ஒயில் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் 10டபிள்யூ-30 எஞ்சின் ஒயில் தற்காலிகமாகப் போடலாம் என்று கார்ப் புத்தகத்திலேயே இருக்கிறது. கூழ் மாதிரித் தடித்த கியர் ஒயிலில் காலையில் இரண்டாம் கியர் எப்படி விழும்? அடித்துத்தான் விழுத்த வேண்டும். அந்தப் பழியை ஷிப்டரின் தலையில் போடுகிறீர்கள்.

மருதானை_கராஜ்:
ஒயில் மாற்றியது வேறு ஆள், நான் இறக்கியவன் மட்டும்தான். போன வருடம் உங்கள் கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொன்னேன், அதற்கும் இப்படித்தான் குதித்தீர்கள். கடைசியில் மாற்றினீர்களா இல்லையா?

ஈஜி8_வெள்ளவத்தை:
கிளட்சைப் பற்றி இப்போது யார் கேட்டது? அது என் கார், என் காசு. வண்டி இறக்குமதியை 2020இல் நிறுத்தினபோது இந்தக் காரை விற்கச் சொல்லி எத்தனை பேர் விலை வைத்தார்கள் தெரியுமா? கொடுக்கவில்லை. இதன் ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடலுக்கு வாருங்கள், சாவியைத் தருகிறேன், இரண்டாம் கியரைப் போட்டுப் பாருங்கள்.

மருதானை_கராஜ்:
ஓட்டிப் பார்த்துத் தெரியாது. ஒயிலை ஒரு வெள்ளைக் கோப்பையில் வடித்து வெயிலில் பிடியுங்கள். பித்தளைப் பொடி தங்கத்தூள் மாதிரி மின்னும். அந்தப் படத்தைப் போடுங்கள்.

ஈஜி8_வெள்ளவத்தை:
ஒழுங்காக ஓடுகிற பொக்ஸின் ஒயிலை நான் எதற்கு வடிக்க வேண்டும்? மூன்று வருடம். இரண்டாம் கியர். சத்தமில்லை.

மருதானை_கராஜ்:
வடிக்கப் பயம்.

ஈஜி8_வெள்ளவத்தை:
80டபிள்யூ-90 ஊற்றின பொக்ஸை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொன்னவர் பயத்தைப் பற்றிக் கதைக்கிறாரா?

டீஎக்ஸ்_தெஹிவளை:
வெட்டுவதா, நீட்டுவதா? சனிக்கிழமை பஞ்சிகாவத்தை போகிறேன், யாராவது சொல்லுங்கள்.