குழந்தைகளோடு மூன்று நாள் நகரப் பயணம்: செலவை எங்கே பிடிப்பது?

கடல்நுரை:

வணக்கம். பள்ளி விடுமுறையில் ஒரு பெரிய நகரத்துக்குப் போய்வரலாம் என்று இருக்கிறோம். வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து, திங்கள் மாலை கிளம்ப வேண்டும். எந்த நகரம் என்பதில் இன்னும் பேச்சு நடக்கிறது. நான், கணவர், 9 வயது மகள், 4 வயது மகன். மகளுக்கு அருங்காட்சியகம் என்றால் உயிர். ஒவ்வொரு பலகையின் முன்னாலும் நின்று படிப்பாள். மகன் பத்து நிமிடம் நடந்தால் தூக்கச் சொல்வான்.

ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம், அதைத் தாண்டக் கூடாது. ஊருக்கு வெளியே தங்கினால் அறை வாடகை பாதிதான் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. அப்புறம், எல்லா இடங்களுக்கும் சேர்த்து ஒரே பாஸ் விற்கிறார்களே, அதை வாங்குவது லாபமா? பார்க்க வேண்டியவை என்று எழுத ஆரம்பித்து 14 இடங்களில் வந்து நிற்கிறது. எதை வெட்டுவது? பிள்ளைகளோடு போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

சன்னலோரம்:

உங்கள் மனம் சொல்வது சரிதான். காரணத்தை நான் சொல்கிறேன்.

வெளியூர் போனால் செலவை எழுதி வைப்பது என் வழக்கம். தொகையோடு நேரத்தையும் எழுதுவேன். அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். காலையில் செலவாவது எல்லாம் நாங்கள் நினைத்துப் போன செலவு. மாலை 4 மணிக்கு மேல் செலவாவது கணக்கிலேயே இல்லாதது. டாக்ஸி, அழுகையை நிறுத்த ஒரு பொம்மை, இதற்கு மேல் நடக்க முடியாது என்று கண்ணில் பட்ட முதல் உணவகத்தில் நுழைந்தது. எல்லாமே பிள்ளைகள் களைத்த பிறகு நடந்தவை. அதனால் எங்கே விலை குறைவு என்று தேடுவதற்கு முன்னால், பிள்ளைகள் எப்போது களைப்பார்கள் என்று யோசியுங்கள். திட்டத்தை அதைச் சுற்றிப் போட்டால் செலவு தானாகவே அடங்கும்.

இப்போது அறைக்கு வருவோம். ஊருக்கு வெளியே தங்கினால் போகவும் வரவும் தினமும் வண்டிக் கட்டணம். அதுகூடப் பரவாயில்லை. மதியம் அறைக்குத் திரும்ப முடியாது என்பதுதான் பெரிய நஷ்டம். உங்கள் மகன் ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்தால் அன்றைய மாலை உங்கள் கையில் இருக்கும். அவன் தூங்காவிட்டால் அந்த மாலையைக் காசு கொடுத்துத்தான் கடத்த வேண்டியிருக்கும். அதற்காக நட்ட நடு நகரில் தங்க வேண்டும் என்று இல்லை. நீங்கள் பார்க்கப் போகும் பகுதிக்கு வண்டி மாறாமல் இருபது நிமிடத்தில் போக முடிகிற ரயில் நிலையமோ பேருந்து நிறுத்தமோ நடக்கும் தூரத்தில் இருந்தால் போதும். அலுவலகங்கள் நிறைந்த பகுதிகளில் சனி, ஞாயிறு அறை வாடகை இறங்குவது உண்டு, அங்கேயும் பாருங்கள். தேடும்போது பிள்ளைகளின் வயதையும் போட்டே விலை பாருங்கள். பெரியவர்கள் இருவர் என்று மட்டும் போட்டால் காட்டும் விலையில் கூடுதல் கட்டில் இருக்காது.

இரண்டு அறைகளுக்கு விலை வித்தியாசம் குறைவாக இருந்தால் காலை உணவும் சின்ன ஃபிரிட்ஜும் உள்ளதை எடுங்கள். வயிறு நிரம்பிக் கிளம்பினால் மதியம் வரை கவலை இல்லை. பல உணவகங்களில் மதியச் சாப்பாட்டுக்கு இரவைவிட விலை குறைவு, அதனால் உட்கார்ந்து சாப்பிடுவதை மதியம் வைத்துக்கொள்ளுங்கள். இரவுக்குக் கடையில் ஏதாவது வாங்கிவந்து அறையில் சாப்பிடலாம்.

4 வயதுக்குத் தள்ளுவண்டியா என்று தயங்காதீர்கள். மடக்கக்கூடிய லேசான வண்டி ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். வீட்டில் அவன் நடக்கிற தூரம் வேறு, ஊர் சுற்றும்போது நடக்கிற தூரம் வேறு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: லண்டன், பாரிஸ் மாதிரி பழைய சுரங்க ரயில் உள்ள ஊர்களில் பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, வண்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டும். அங்கெல்லாம் பேருந்துதான் நல்லது. மாடிப் பேருந்தில் மேல்தளத்து முன் இருக்கை கிடைத்துவிட்டால் பிள்ளைகளுக்குத் தனியாகச் சுற்றுலாப் பேருந்தே தேவையில்லை. நியூயார்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி முழுக்க இலவசம். சுமார் 25 நிமிடப் பயணம், சுதந்திர தேவி சிலையும் வழியில் தெரியும். இந்த மாதிரி, ஊர்மக்கள் வேலைக்குப் போகப் பயன்படுத்தும் படகோ டிராமோ இருக்கிறதா என்று நீங்கள் போகும் ஊரிலும் விசாரியுங்கள்.

14 இடங்கள் வேண்டவே வேண்டாம். ஒரு நாளைக்குப் பெரிய இடம் ஒன்று, அதுவும் காலையில், கதவு திறக்கும் நேரத்துக்கு. அதன் பக்கத்திலேயே காசில்லாத திறந்தவெளி ஒன்று. முடிந்தவரை அந்தப் பெரிய இடமும் இலவசமாக இருக்கட்டும். பிரிட்டிஷ் மியூசியம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம் என்று லண்டனில் பலவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களும் மிருகக்காட்சி சாலையும் இலவசம். சிங்கப்பூரில் கார்டன்ஸ் பை தி பே தோட்டத்தில் கண்ணாடி மாளிகைகள் போன்ற சிலவற்றுக்குத்தான் டிக்கெட். வெளித்தோட்டமும் இரவு விளக்குக் காட்சியும் சும்மா பார்க்கலாம். இலவச இடத்தில் காசு மிச்சமாவது மட்டும் இல்லை, ஒரு மணி நேரத்தில் மகன் போதும் என்றால் மனம் நோகாமல் வெளியே வந்துவிடலாம். டிக்கெட் வாங்கியிருந்தால் கொடுத்த காசுக்காகவே அவனை இழுத்துக்கொண்டு அலைவோம். அங்கேதான் மாலை கெடும்.

பாஸ் உங்களுக்கு வேண்டாம் என்பேன். ஒரு நாளில் நாலைந்து இடம் ஓடி ஓடிப் பார்ப்பவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நீங்கள் நிஜமாகப் போகப்போகும் இடங்களின் கட்டணத்தை ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். மகனுக்குப் பல இடங்களில் ஏற்கெனவே இலவசமாக இருக்கும்.

ரயில்பாதை:

சன்னலோரம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். லண்டன் சுரங்க ரயிலில் பெரியவரோடு வரும் 11 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம், பெரியவர் ஒருவரோடு நான்கு பேர் வரை போகலாம். டோக்கியோவில் உங்கள் மகனுக்கு இலவசம், மகளுக்கு அரைக் கட்டணம். நியூயார்க்கில் வயதைப் பார்ப்பதில்லை, 44 அங்குல உயரத்துக்குள் இருந்தால் இலவசம். நுழைவுக் கட்டணமும் இப்படித்தான். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்குக் கீழே இலவசம். இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் 15 வயதுக்குக் கீழே இலவசம். வயதைக் காட்ட அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

திங்கள்கிழமை உங்கள் திட்டத்தில் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நிறைய அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் விடுமுறை. டெல்லி செங்கோட்டை திங்கள் மூடியிருக்கும், தாஜ்மகால் வெள்ளி, லூவ்ர் செவ்வாய். போகும் ஊரின் வார விடுமுறையைப் பார்த்துவிட்டு நாட்களைப் பிரியுங்கள். இலவச இடம் என்றாலும் நேரத்தை முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கலாம். வாஷிங்டன் வானூர்தி அருங்காட்சியகத்துக்கு அப்படித்தான்.

ஆலமரநிழல்:

பேரப் பிள்ளைகளோடு ஊர் சுற்றுகிறவன் நான். மதியம் அறைக்குத் திரும்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. போக, வர, செருப்பைக் கழற்ற, மறுபடி கிளப்ப என்று இரண்டரை மணி நேரம் போய்விடுகிறது. 9 வயதுப் பிள்ளைக்கு அது தண்டனை மாதிரி. மர நிழலில் ஒரு விரிப்பு போட்டால் சின்னவன் தள்ளுவண்டியிலேயே தூங்கிவிடுவான், பெரியவள் புத்தகம் படிக்கட்டும். விளையாட்டுத் திடலும் கழிப்பறையும் உள்ள பூங்கா எங்கே என்று முதலிலேயே வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்ளம்மா.

சன்னலோரம்:

ஐயா சொல்வது நல்ல வானிலைக்கு மிகவும் சரி. மழையோ கடும் வெயிலோ என்றால் அறைதான். அது மட்டும் இல்லாமல், நாலு பேரும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. சனி மதியம் அப்பா மகனோடு அறையில் இருக்கட்டும், நீங்கள் மகளோடு அருங்காட்சியகத்தில் பலகை படியுங்கள். ஞாயிறு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடல்நுரை:

எல்லோருக்கும் நன்றி. கணவரிடம் வண்டிக் கட்டணத்தைக் கூட்டிக் காட்டினேன், அறை விஷயம் முடிந்தது. பாஸும் இல்லை. பட்டியலை மூன்றாகக் குறைத்துவிட்டோம். மகளுக்குத்தான் முகம் வாடிவிட்டது, அவள் எழுதியதில் பெரும்பாலானவை போய்விட்டன. கடைகளில் அவள் கேட்பதையும் எப்படிச் சமாளிப்பது? கூட்டத்தில் சின்னவன் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே இருக்கிறது.

சன்னலோரம்:

அந்த மூன்றில் ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் மறுக்கக் கூடாது. வழி கண்டுபிடித்து எல்லோரையும் கூட்டிப்போகும் பொறுப்பையும் அவளிடமே கொடுங்கள். 9 வயதுக்கு அது முடியும். பயணம் முழுவதற்கும் என்று ஒரு சின்னத் தொகையை முதல் நாளே அவள் கையில் கொடுத்துவிடுங்கள். எதை வாங்குவது, எப்போது வாங்குவது எல்லாம் அவள் முடிவு, தீர்ந்தால் தீர்ந்ததுதான். சொந்தக் காசு என்றால் பிள்ளைகள் நிதானமாகத்தான் செலவழிப்பார்கள்.

தொலைவதைப் பற்றி: தினமும் காலையில் கிளம்பும் முன் இருவரையும் நிற்க வைத்துப் போனில் ஒரு படம் எடுங்கள். அன்று என்ன சட்டை என்று பதற்றத்தில் நினைவுக்கு வராது. மகனின் கையில் உங்கள் போன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். ரயிலில் யாராவது பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள்: வண்டிக்குள் மாட்டிக்கொண்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே நடைமேடையில் நிற்க வேண்டும், வெளியே நின்றுவிட்டவர் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. பெரியவர்தான் தேடி வர வேண்டும். கிளம்புவதற்கு முன் மகளை இதைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.