சாட்சிக்கு வராவிட்டால் பிடியாணையா?

டிக்கோயாக்காரன்:
எங்கள் லயத்தில் நடந்த ஒரு வெட்டு வழக்கில் என் அக்கா சாட்சி. வழக்கு மேல் நீதிமன்றத்தில். தவணை என்றால் விடியுமுன் பஸ் பிடித்து ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுவார்கள், எழுந்து நிற்பார். அப்புறம் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், சட்டத்தரணிக்குச் சுகமில்லை என்பார்கள், அல்லது வேறொரு வழக்கு நீண்டுவிட்டது என்பார்கள். அடுத்த தவணைக்கு வரும்படி எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். அன்றைய பேர், அதாவது அந்த நாள் கூலி, போனது போனதுதான். கடைசித் தவணையில் பிள்ளைக்குக் காய்ச்சல், அக்காவால் போக முடியவில்லை. உடனே பிடியாணை. பொலிஸ் லயத்துக்கே வந்தது. வெட்டியவன் பிணையில் வெளியே இருக்கிறான். பார்த்தவளை அத்தனை பேர் முன்னால் ஜீப்பில் ஏற்றுகிறார்கள். சாட்சிக்குப் பிடியாணை போடும் அதிகாரத்தையே எடுத்துவிட வேண்டும் என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ராகலை டீச்சர்:
எடுக்கவே கூடாது தம்பி. அக்காவை ஜீப்பில் ஏற்றியது அநியாயம், அதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. ஆனால் அந்த அதிகாரம் போனால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் வழக்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சத்தம் கேட்டவர்கள்தான். வழக்கு என்றதும் ஒவ்வொருவராக "நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை" என்று ஒதுங்கினார்கள். எதிரியின் சொந்தக்காரர்கள் அதே லயத்தில் இருக்கிறார்கள். ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஒரே கோயில் திருவிழாவில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் அழைப்பாணைதான் சாட்சிக்கு அரண். "நானாகப் போகவில்லை, போகாவிட்டால் என்னைப் பிடிப்பார்கள்" என்று சொல்லித்தான் ஓர் அம்மா வந்து சாட்சி சொன்னார். விரும்பினால் வரலாம் என்று சட்டம் சொல்லியிருந்தால் அவரை வீட்டிலேயே மடக்கியிருப்பார்கள்.

பதுளை ரூட் பஸ்:
டீச்சர், நீங்கள் சொல்வது பெரிய வழக்குகளுக்குச் சரி. நாங்கள் ரோட்டில் தினமும் பார்ப்பது வேறு. விபத்தில் அடிபட்டவனைத் தூக்கி ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டால், வாக்குமூலம் கேட்பார்கள். அதன் பிறகு வழக்கு முடியும்வரை அலைச்சல். எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பஸ் ஓடினால்தான் காசு. இப்போது புதிதாக வரும் பையன்களுக்கு மூத்த டிரைவர்மாரே சொல்லிக் கொடுப்பது என்ன தெரியுமா? விபத்தைக் கண்டால் 1990 அம்புலன்ஸுக்கு அழைத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு, இறங்காதே. உங்கள் பிடியாணை சாட்சியைக் கொண்டுவரவில்லை. சாட்சி உருவாகாமலே தடுக்கிறது.

நீதிமன்ற வாசல்:
நான் சட்டத்தரணி, இந்த மலையகத்து நீதிமன்றங்களில்தான் தொழில். பிடியாணை இருக்கத்தான் வேண்டும். எதிரிக்கும் நியாயமான விசாரணை வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. அவருடைய சட்டத்தரணி வராத நாளில் சாட்சியை ஏற்றிக் கேட்டால், மேன்முறையீட்டில் வழக்கே கவிழும், உங்கள் அக்கா திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் 134ஆம் பிரிவு, ஒன்றை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு எதுவும் இல்லை என்கிறது. நேரில் பார்த்தவர் அக்கா ஒருவர்தான் என்றால், அந்த ஒருவரை வைத்தே தீர்ப்பு வரலாம். அவர் வராவிட்டால் வழக்கே இல்லை. எச்சரித்து அனுப்பிய பிறகு பெரும்பாலும் தனியாக அழைப்பாணை வராது, அந்தத் திகதிதான் கணக்கு. பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் மருத்துவச் சான்றிதழை யாரிடமாவது கொடுத்து நீதிமன்றத்துக்கு அறிவித்திருக்கலாம்.

டிக்கோயாக்காரன்:
சேர், தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து வாங்கவே அரை நாள் போகிறது. அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுக்க இன்னொருவர் தன் பேரை விட வேண்டும். 2024இல் கூட்டியபோதே அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய்தான் ஆனது. ஒரு தவணைக்கு அந்தச் சம்பளமும் போய், பஸ் காசும் சாப்பாடும் சேர்ந்தால் வீட்டில் என்ன மிஞ்சும்? நீதிபதி, சட்டத்தரணி, பொலிஸ், எல்லோருக்கும் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு. அந்த மண்டபத்தில் காசை இழந்து உட்கார்ந்திருப்பது சாட்சி மட்டும்தான்.

லிந்துலை முதலியார்:
நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அலைச்சலையும் காசையும் பற்றியே பேசுகிறீர்கள். கூண்டில் ஏறிய பிறகு நடப்பதை யாரும் சொல்லவில்லை.

வாக்குமூலத்தைப் பொலிஸ் எழுதுவது இங்கே அநேகமாகச் சிங்களத்தில். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: எழுதியதைச் சொன்னவருக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசிக்க வேண்டும், அந்த மொழி தெரியாவிட்டால் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும், அவர் அதில் திருத்தவும் சேர்க்கவும் செய்யலாம். இரவு நேரத்தில், அழுதுகொண்டு நிற்கும் பெண்ணிடம் இதை யார் செய்கிறார்கள்? கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். கொலை வழக்கென்றால் பெரும்பாலும் நீதவான் முன் ஒருமுறை சொல்ல வேண்டும், சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் அனுப்பிய பிறகு மேல் நீதிமன்றத்தில் மறுபடி சொல்ல வேண்டும். இடையில் வருடங்கள் ஓடிவிடும். அப்போது குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்: பொலிஸில் வாசல் பக்கம் நின்றதாகச் சொன்னீர்கள், இப்போது கிணற்றடி என்கிறீர்கள், எது பொய்? அந்தப் பெண் முதல் நாள் என்ன எழுதப்பட்டது என்றே அறியாதவள். அவள் முகம் சுருங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கேள்வியை அவள் மொழியில் நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவு பொதுவாகச் சிங்களத்தில்தான். தமிழ் பேசுகிறவருக்கு அரசு மொழிபெயர்ப்புத் தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாளில் அதுவும் ஒரு தவணை.

நீதிமன்ற வாசல்:
ஐயா, முரண்பாட்டைக் கேட்பது எதிரித் தரப்பின் கடமை. அதைக் கேட்காமல் விட்டால் பொய்ச் சாட்சியில் ஒருவன் ஆயுள் முழுக்க உள்ளே இருப்பான். அப்படியும் நடக்கக்கூடும். சாட்சி எல்லோரும் உத்தமர் இல்லை.

லிந்துலை முதலியார்:
கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசித்துக் காட்டாத ஒன்றை வைத்துக் கேட்பதைச் சொல்கிறேன்.

ராகலை டீச்சர்:
அது பொலிஸைத் திருத்த வேண்டிய காரணம், சாட்சியை வீட்டில் இருக்கச் சொல்லும் காரணம் இல்லை. 2015இல் 4ஆம் இலக்கச் சட்டமாகச் சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. அதில் தூர இடத்திலிருந்து காணொளி வழியாகச் சாட்சி சொல்ல வழி உண்டு. ஹட்டனிலேயே ஓர் அறை இருந்தால் தம்பியின் அக்கா இரண்டாவது பஸ் ஏற வேண்டியதில்லை. அதைக் கேட்டுப் போராடுங்கள், நானும் வருகிறேன்.

பதுளை ரூட் பஸ்:
அது அச்சுறுத்தல் உள்ளவர்களுக்கு என்றுதான் எடுப்பார்கள். கூலி போகிறது என்று கேட்டால் கொடுப்பார்களா?

நீதிமன்ற வாசல்:
நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும், சும்மா கிடைக்காது. ஆனால் இன்னொரு வழி கையிலேயே இருக்கிறது. இரு தரப்பும் சண்டை போடாத விடயங்களை ஏற்றுக்கொண்டு பதிந்தால், அதற்காக டாக்டரும் மற்றவர்களும் வரத் தேவையில்லை. 2022இல் செய்த திருத்தத்தில் மேல் நீதிமன்ற வழக்குகளுக்கு விசாரணைக்கு முந்திய கலந்துரையாடலும் வந்தது. அதை ஒழுங்காகச் செய்தால் நேரில் பார்த்த சாட்சியை நிச்சயமான நாளுக்கு மட்டும் கூப்பிடலாம்.

டிக்கோயாக்காரன்:
நிச்சயமான நாள் கிடைத்தால் அக்கா நடந்தாவது போவார். ஆனால் அது கிடைக்கும்வரை நான் கேட்பது இதுதான்: எந்தத் தரப்பால் தவணை போகிறதோ, அந்தத் தரப்பு சாட்சியின் நாட்சம்பளத்தையும் பஸ் காசையும் அன்றைக்கே கட்ட வேண்டும். அரச தரப்பு ஆயத்தமில்லை என்றால் அரசு கட்டட்டும். அதைச் செய்யாத நீதிமன்றத்துக்குச் சாட்சியைப் பிடித்துவரும் உரிமை இருக்கக் கூடாது.

நீதிமன்ற வாசல்:
எதிரியும் தோட்டத் தொழிலாளியாக இருந்தால்? சட்ட உதவியில் வழக்காடுகிறவனிடம் எதை வாங்குவீர்கள்? அரசு கட்டுவதற்கு நான் கை தூக்குவேன், எதிரி கட்டுவதற்கு மாட்டேன். பிடியாணையிலும் என் நிலைப்பாடு அதேதான். இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அடுத்த தவணையில் அக்காவை நேரத்தோடு கூட்டிப் போய், வழக்கு எடுக்குமுன் அரச சட்டத்தரணியைச் சந்திக்கக் கேளுங்கள். சாட்சிகளோடு முன்கூட்டிப் பேசுவது அவர்கள் வழக்கம். வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் விளக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் விடயத்தையும் அவரிடமே சொல்லுங்கள், நீதிபதியிடம் எடுத்துச் சொல்வார்.

டிக்கோயாக்காரன்:
கேட்கிறேன் சேர். அவர் தமிழ் தெரியாதவர் என்றால் யார் விளக்குவது?

லிந்துலை முதலியார்:
அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தால் அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் திகதியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நானே வருகிறேன்.