மீசைப்புலிமலை: சித்திரை வெயிலில் ஒரு முகட்டு நடை

மூணாறு பக்கம் மலையேறியவர்கள் யானையைப் பார்த்த கதையைத்தான் அதிகம் சொல்வார்கள். என் மனசில் நிற்பது மீசைப்புலிமலை முகட்டில் பார்த்த வரையாட்டுக் கூட்டம்.

உயரம் 2,640 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடியைவிட 55 மீட்டர்தான் குறைவு. ஆனால் நேராக ஒரே ஏற்றம் கிடையாது. ஒரு மேடு ஏறி இறங்கினால் அடுத்த மேடு நிற்கும். வழிகாட்டியாக வந்த அண்ணன் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் போடி. கிளம்பும் முன்பே எல்லார் பையையும் பார்த்தார். "தீப்பெட்டி, லைட்டர் இருந்தா இப்பவே குடுத்துருங்க தம்பி." 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அந்தச் சரிவுகள் இந்த மலைத்தொடருக்குக் கிழக்கேதான். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது.

கோடையில் அங்கே ஏமாற்றுவது காற்று. கீழே தேனிப் பக்கம் வெயில் கொளுத்தும்போது முகட்டில் சில்லென்று அடிக்கிறது. வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகமே தெரியாது. உடம்பிலிருந்து நீரும் உப்பும் போய்க்கொண்டேதான் இருக்கும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. சோலைக்காடு எல்லாம் கீழே மடிப்புகளில் ஒதுங்கிக் கிடக்கிறது. மூன்றாவது மேட்டில் என் நண்பனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறான். அண்ணன் காலை நீவிவிட்டு, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைக் கொடுத்தார். "புல்லு மேல மிதிக்காதீங்க, காஞ்ச புல்லு வழுக்கும். கல்லப் பாத்து மிதிங்க" என்றார். சாய்ந்து படிந்த புல்லில் அதுவரை எத்தனை தடவை சறுக்கினோம் என்று அப்போதுதான் உறைத்தது.

முகடு மிகக் குறுகும் இடத்தில் இருவர் சேர்ந்து நடக்க முடியாது. இரண்டு பக்கமும் சரிவு. அங்கேதான் எதிரே பெட்டை ஆடுகளும் குட்டிகளுமாக ஒரு கூட்டம் வந்தது.

"அண்ணே, ஓரமா ஒதுங்கிக்கலாமா?"

"எங்க ஒதுங்குறது? அப்படியே உக்காருங்க. அதுகளுக்குப் போக வழி தெரியும்."

உட்கார்ந்தோம். முன்னால் வந்த பெட்டை நின்று பார்த்து, சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது. குட்டிகள் அசையாமல் நின்றன. குட்டி போடும் காலம் என்றுதான் வரையாடுகள் வாழும் இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இவை பிறந்து சில மாதம்தான் ஆகியிருக்கும். பிறகு தாய் பாறை விளிம்பில் கால் வைத்துக் கீழே இறங்கியது. குளம்பின் ஓரம் கெட்டி, நடுவில் மெத்தென்று இருக்குமாம். பாறையைக் கவ்விக்கொள்வது அதனால்தான். நான் தவழ்ந்துகூட இறங்கப் பயப்படும் இடத்தில் குட்டிகள் ஒவ்வொன்றாகக் குதித்துப் போயின. சின்னக் கற்கள் உருளும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

உச்சியில் அதிக நேரம் விடவில்லை. இன்னும் பத்து நிமிஷம் கெஞ்சினோம். கிழக்கே எழும்பிய மேகத்தைக் காட்டி, "கோட மழைக்கு முந்தி இடிதான் வரும். மொட்ட மேட்டுல நிக்கக் கூடாது" என்று இறக்கிவிட்டார். முகாமை நெருங்கும்போது முதல் இடி விழுந்தது.

மூணாறு பக்கமே உள்ள சொக்கர்முடி மலையில் கோடையில் நடந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அங்கே முகடு இன்னும் ஒடுக்கம் என்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு சுமந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.