கிராஸ் டிரெய்னரில் பத்தே நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது, உங்களுக்கும் உண்டா?

வயது 47. ஜிம்மில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. முட்டி வலி இருப்பதால் டிரெட்மில் வேண்டாம், கிராஸ் டிரெய்னரில் (நின்றபடியே இரண்டு பெடல்களை மாறி மாறி மிதிக்கும் மெஷின்) ஏறுங்கள் என்றார் பயிற்சியாளர். முட்டிக்கு நல்லதுதான், அதில் குறையில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனதும் வலது காலில் மூன்றாவது, நான்காவது விரல்கள் மதமதவென்று ஆகும், அப்புறம் முன்பாதம் முழுக்க யாருடைய காலோ மாதிரி ஆகிவிடும். இறங்கி ஷூவைக் கழற்றினால் எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்து இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும்.

எனக்கு முதலில் வந்த பயம் சர்க்கரை. அப்பாவுக்கு இருபது வருடம் சர்க்கரை, கடைசியில் ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஓடிப்போய்ப் பரிசோதித்தேன்: வெறும் வயிற்றில் 94, மூன்று மாதச் சராசரி (HbA1c) 5.5 சதவீதம், இரண்டும் சரியாகத்தான் இருந்தன. உணர்வு இருக்கிறதா என்று டாக்டர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார், அதிரும் உலோகக் கவை ஒன்றைப் பெருவிரலில் வைத்துப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தானே தெரிகிறது, எங்கே உங்கள் ஷூவைக் காட்டுங்கள் என்றார்.

அவர் சொன்னது இது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் பாதம் தரையை விட்டு எழும், அந்த நொடியில் அழுத்தம் விலகும். கிராஸ் டிரெய்னரில் பாதம் பெடலை விட்டு எழுவதே இல்லை. அரை மணி நேரமும் எடை முன்பாதத்திலேயே கிடந்தால் விரல் எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்பு நசுங்கத்தான் செய்யும். உடற்பயிற்சியில் பாதம் கொஞ்சம் வீங்கவும் செய்யும். நான் ஷூ வாங்கியது காலையில் கடை திறந்ததும், அதுவும் மெல்லிய சாக்ஸோடு. கச்சிதமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு வாங்கி, ஜிம்முக்குத் தடி சாக்ஸ் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன்!

மாலையில் போய் அரை சைஸ் பெரியதாக, முன்பக்கம் அகலமானதாக மாற்றினேன். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறது. புறங்காலிலும் நரம்பு ஓடுகிறது என்பதால், அது உறுத்தும் இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல் ஓரமாகவே மேலே ஏற்றிக் கட்டுகிறேன். பாதிக்கு மேல் தீர்ந்தது. மீதி இன்னும் வருகிறது. யாருக்காவது அனுபவம் உண்டா?

*

எனக்கு அப்படியே இதே கதை, ஆனால் குற்றவாளி ஷூ இல்லை, நான்தான். கீழே விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் விரல்களைக் கொக்கி மாதிரி மடக்கிப் பெடலைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஷூவுக்குள் நடப்பதால் மூன்று மாதம் எனக்கே தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் விரல்களை விரித்து அசைத்துக்கொள்வேன், குதிகாலில் கொஞ்சம் எடையை இறக்குவேன், நடுவில் ஒரு நிமிடம் பின்னோக்கி மிதிப்பேன். பக்கத்து மெஷின் பெண் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாள், பார்த்தால் பார்க்கட்டும். மெஷினில் கடினத்தைக் கூட்டுவதையும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள் அண்ணா, கடினம் ஏற ஏறத் தானாகவே முன்பாதத்துக்குப் போய்விடுகிறோம்.

*

மேலே இருப்பதைப் படித்துவிட்டு எல்லாரும் ஷூ மாற்றக் கிளம்பும் முன் என்னுடையதையும் கேளுங்கள். எனக்கு இரண்டு காலும் ஒரே மாதிரி மரத்தது. மெஷினை விட்டு இறங்கினாலும் போகவில்லை, ராத்திரி படுத்தால் எரிச்சல் வேறு. ஷூதான் என்று நினைத்து இரண்டு ஜோடி மாற்றினேன். ஒருநாள் வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் ரத்தம். ஷூவுக்குள் கிடந்த சிறு கல் விரலடியைக் கிழித்திருக்கிறது, அரை மணி நேரம் மிதித்தும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், அதில் வைட்டமின் பி12 குறைந்து நரம்பு கெடக்கூடும் என்பதே பரிசோதித்தபோதுதான் தெரிந்தது. ஊசி போட்டு எரிச்சல் அடங்கவே பல மாதம் ஆனது, உணர்வு முழுசாகத் திரும்பவில்லை. இப்போதெல்லாம் ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவாமல் போடுவதில்லை.

*

எனக்கு டிரெட்மில்லில் நிமிர்ந்து நடந்தால் இடுப்பிலிருந்து பாதம் வரை மரக்கும், குனிந்து சைக்கிள் மிதித்தால் ஒன்றும் இல்லை. ஸ்கேனில் முதுகெலும்புக்குள் நரம்பு போகும் பாதை குறுகியிருப்பது தெரிந்தது. காலைப் பார்த்துக்கொண்டே ஒரு வருடம் ஓட்டிவிட்டேன்.

*

ஆரம்பித்தவன் மறுபடி வந்திருக்கிறேன். தங்கை சொன்னது சரி, நானும் விரலை மடக்கித்தான் பிடித்திருக்கிறேன், அதுவும் வலது காலில் மட்டும். இப்போது பத்து நிமிடம் கிராஸ் டிரெய்னர், பத்து நிமிடம் சைக்கிள், மறுபடி பத்து என்று பிரித்துக்கொண்டேன். மூன்று வாரமாக மரக்கவில்லை, இறுக்கிக் கட்டிய ஒருநாளைத் தவிர. பழைய ஷூ வீணாகவில்லை, மச்சான் மகன் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு என்னைவிட ஒரு சைஸ் சின்னக் கால்.